மஸ்டாங் டி5: பல பழைய பெட்டிகளின் கம்பெனி பாகங்களிலிருந்து ஒரு வலுவான கியர்பாக்ஸ் கட்டும் முறை

1987-இல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி-யின் 5 லிட்டர் வி8 இன்ஜின் 300 பவுண்ட்-அடி டார்க், அதாவது சுழற்று விசை, தந்தது. நியூட்டன் மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 407. அதன் பின்னால் மாட்டியிருந்த போர்க்வார்னர் டி5 கியர்பாக்ஸுக்குக் குறிக்கப்பட்ட தாங்குதிறன் 265 பவுண்ட்-அடி. ஷோரூமை விட்டு வண்டி வெளியே வரும்போதே இன்ஜின் பெட்டியை மிஞ்சி நின்றது. நிதானமாக ஓட்டியவர்களிடம் அந்தப் பெட்டி பல வருடம் உழைத்தது. அகலமான டயர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு ஓட்டியவர்களுக்கு ஆயில் வடிக்கும்போது மூன்றாம் கியரின் பற்களும் சேர்ந்து வந்தன.

செவர்லே பக்கமும் இதே நிலைதான். 1987 முதல் 1992 வரை வந்த கமாரோவில் 5.7 லிட்டர் இன்ஜின் கேட்டால் ஆட்டோமேட்டிக்தான் கிடைக்கும். டி5 மேனுவல் வேண்டுமென்றால் 5 லிட்டரோடு நின்றுகொள்ள வேண்டும். பெரிய இன்ஜினின் டார்க்கை இந்தப் பெட்டி தாங்காது என்பது தயாரித்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1990-இல் இரண்டாம் கியர், மூன்றாம் கியர், கவுண்டர் ஷாஃப்ட் (கியர்களைக் கீழிருந்து சுழற்றும் துணைத் தண்டு) ஆகியவற்றுக்கு மேலான உலோகம் வந்தது. தாங்குதிறன் 300 பவுண்ட்-அடியாக ஏறியது. 1993 கோப்ராவின் பெட்டிக்கு 310. ஃபோர்டு மோட்டார்ஸ்போர்ட் தனியாக விற்ற ‘இசட்’ ரகத்துக்கு 330, அதாவது சுமார் 447 நியூட்டன் மீட்டர். இவை எல்லாவற்றிலும் சக்கரங்கள் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் மெயின் ஷாஃப்டுக்கும் கவுண்டர் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள தூரம் அதே 77 மில்லிமீட்டர். அதனால்தான் பின்னாளில் வந்த நல்ல பாகத்தை முன்னாளில் வந்த பெட்டிக்குள் வைக்க முடிகிறது. முழு இசட் பெட்டி வாங்கக் காசு இல்லாதவர்களும், காருக்கு முதலில் வந்த கேஸையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களும் செய்ய வேண்டிய வேலை இது.

எது உடைகிறது, ஏன் உடைகிறது

கைக்குள் அடங்கும் கியரில் இவ்வளவு பலம் இருந்தும் ஏன் பல் போகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பாகம் தேர்ந்தெடுப்பதும் ஷிம் (ஆட்டத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) வைப்பதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

டி5-இன் கியர்கள் சாய்வான பற்கள் கொண்டவை. டார்க் ஏறும்போது ஒன்றோடொன்று கடிக்கும் இரண்டு கியர்களும் ஒன்றையொன்று தள்ளி விலக்கப் பார்க்கின்றன. கூடவே ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. கேஸ் அலுமினியம். ஷாஃப்ட் இரண்டும் நீளமானவை, முன்னாலும் பின்னாலும் மட்டுமே பேரிங் உண்டு. நடுவில் பிடிமானம் இல்லை. மூன்றாம் கியரும் இரண்டாம் கியரும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. அதிகச் சுமை வரும்போது ஷாஃப்ட் வில்போல வளைகிறது, கியர்கள் ஒரு நூலளவு விலகுகின்றன, பல்லின் முழு உயரத்திலும் விழ வேண்டிய சுமை நுனியில் விழுகிறது. நுனியில் விழுந்த சுமைக்குப் பல்லின் அடிப்பகுதி ஒடிகிறது. கமாரோவில் பின்னால் வந்த ஆறு கியர் டி56 பெட்டியில் ஷாஃப்டுகளுக்கு நடுவே 85 மில்லிமீட்டர் கொடுத்திருப்பதைப் பாருங்கள். தூரம் கூடினால் கியர் பெரிதாகும். அதே டார்க்குக்குப் பல்லின்மேல் விழும் விசை குறையும்.

நம்மால் 77-ஐ மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை மூன்று: கியரின் உலோகம், கவுண்டர் ஷாஃப்டுக்குப் போகும் டார்க்கின் அளவு, பேரிங்குகளின் பிடிமானம். மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் தெரியும். விலை உயர்ந்த கியர் வாங்கிவிட்டுப் பேரிங்கில் ஆட்டத்தை அப்படியே விட்டவர்களின் பெட்டிகளைப் பிரித்திருக்கிறேன். புதுக் கியரும் அதே இடத்தில்தான் ஒடிந்திருந்தது.

பாகம் கலப்பதில் ஒரே ஒரு கட்டுப்பாடு

ஒன்றோடொன்று கடிக்கும் பாகங்களை ஜோடி பிரிக்கக் கூடாது. கடிக்காத பாகங்களை அளவு பொருந்தினால் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

டி5-க்குள் ஐந்து பாகங்கள் ஒரே குடும்பம்: இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட், கிளஸ்டர் எனப்படும் கவுண்டர் ஷாஃப்ட், முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். இன்புட்டின் பல் கிளஸ்டரின் முன்பக்கப் பல்லைக் கடிக்கிறது. மற்ற மூன்றும் கிளஸ்டரின் மீதிப் பற்களைக் கடிக்கின்றன. கிளஸ்டர் ஒரே துண்டு. ஆகவே கிளஸ்டரை மாற்றினால் மீதி நான்கையும் அதோடு பொருந்துவதாக மாற்ற வேண்டும். ஐந்தாம் கியர் ஜோடி தனி; கேஸுக்குப் பின்னால், டெயில் ஹவுசிங் எனப்படும் பின்கூட்டுக்குள் இருக்கிறது. அதை மட்டும் தனியாக மாற்றலாம். ஆனால் ஒரே ஐந்தாம் கியர் ஜோடியை வேறு இன்புட்டோடு வைத்தால் ஐந்தாவதின் விகிதமும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது நஷ்டப்பட்டுத்தான். முதலில் கட்டிய பெட்டியில் உடைந்த மூன்றாம் கியரை மட்டும் இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டேன். விகிதம் ஒன்று, பல் எண்ணிக்கை ஒன்று, பார்வைக்கு அழகாகப் பொருந்தியது. ஆனால் பல வருடம் ஒரு கிளஸ்டரோடு தேய்ந்து பழகிய கியர் வேறு கிளஸ்டரோடு ஒத்துப்போகவில்லை. முதல் வாரமே மூன்றாவதில் ஊளைச் சத்தம். பிரித்துப் பார்த்தபோது பல்லின் முகத்தில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது. பழைய கியர் என்றால் அதன் பழைய ஜோடியோடு சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

எந்தப் பெட்டியை அடிப்படையாக எடுப்பது

டி5-இல் இரண்டு வகை உண்டு. 1982-இல் ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) கார்களில் அறிமுகமான முதல் வகை. 1985-இல் மஸ்டாங் வி8-இல் வந்த ‘வேர்ல்ட் கிளாஸ்’ வகை. கமாரோ வி8-க்கு வேர்ல்ட் கிளாஸ் வந்தது 1988-இல். இந்த வேலைக்கு வேர்ல்ட் கிளாஸ் மட்டுமே. பழைய வகையில் கவுண்டர் ஷாஃப்ட் நேர் உருளை பேரிங்கில் ஓடும். மெயின் ஷாஃப்ட் கியர்கள் ஷாஃப்டின்மீதே நேரடியாகச் சுற்றும். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை. வேர்ல்ட் கிளாஸில் கவுண்டர் ஷாஃப்டுக்குக் கூம்பு உருளை பேரிங், கியர்களுக்குக் கீழே ஊசி பேரிங், சிங்க்ரோவுக்குப் பூச்சு வைத்த வளையம். இரண்டு வகையின் உள்பாகங்களும் ஒன்றுக்கொன்று மாறாது.

பழைய பாகக் கடையில் நின்றுகொண்டே வகையைக் கண்டுபிடிக்க, கேஸின் முன்முகத்தைப் பாருங்கள். இன்புட் ஷாஃப்டுக்குக் கீழே, கவுண்டர் ஷாஃப்டின் முன்முனை வரும் இடத்தில் அகலமான, தட்டையான எஃகுப் பேரிங் கிண்ணம் தெரிந்தால் வேர்ல்ட் கிளாஸ். அதைவிடச் சிறிய அடைப்பு மூடி தெரிந்தால் பழைய வகை. டெயில் ஹவுசிங் போல்ட் ஒன்றில் 1352 என்று தொடங்கும் எண்ணோடு தகரச் சீட்டு தொங்கும். அது இருந்தால் எந்த வண்டிக்காகச் செய்த பெட்டி, என்ன விகிதம் என்று பட்டியலில் பார்த்துவிடலாம். ஆனால் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். முப்பது வருடப் பெட்டி ஒரு முறையாவது பிரிக்கப்பட்டிருக்கும். கேஸ் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்பது சாதாரணம். டாப் கவரைத் திறந்து பல்லை எண்ணுவதுதான் ஆதாரம்.

என் தேர்வு இது. கேஸும் டெயில் ஹவுசிங்கும் 1985 முதல் 1993 வரையிலான மஸ்டாங் வி8 பெட்டியிலிருந்து. அதன் 3.35 கியர் செட்டை ஒதுக்கிவிட்டு, உள்ளே 2.95 செட் (இந்த எண்கள் முதல் கியரின் விகிதம்). அதற்கு இரண்டு வழி உண்டு. இசட் ரகத்துக்கான ஐந்து பாகங்களையும் புதிதாக வாங்குவது நேர்வழி. அல்லது 1988-க்குப் பிந்தைய கமாரோ வி8 பெட்டி ஒன்றை வாங்கி, அதன் கிளஸ்டரையும் மூன்று கியர்களையும் எடுத்துக்கொண்டு, ஃபோர்டுக்கான 2.95 இன்புட் மட்டும் புதிதாகப் போடுவது. கமாரோவின் இன்புட் நமக்கு ஆகாது. அதில் 26 ஸ்ப்லைன் (தண்டின்மேல் நீளவாக்கில் ஓடும் பற்கள்), மஸ்டாங் கிளட்ச் பிளேட்டுக்கு 10 ஸ்ப்லைன். கமாரோவின் கேஸும் ஆகாது. அந்த வண்டியில் பெட்டி ஏறக்குறைய 17 டிகிரி சாய்ந்து உட்காரும்படி துளை போட்டிருப்பார்கள். மெயின் ஷாஃப்டையும் ஃபோர்டிலிருந்தே எடுங்கள், ஏனென்றால் ஃபோர்டின் வெளி முனையில் 28 ஸ்ப்லைன், கமாரோவில் 27.

கமாரோ வழியில் போனால் முன்பு சொன்ன கட்டுப்பாடு ஓரளவு மீறப்படுகிறது: புது இன்புட், பழைய கிளஸ்டர். அதனால் கிளஸ்டரின் முன்பக்கப் பற்கள் தேயாமல் பளபளவென்று இருந்தால் மட்டுமே அந்த வழியில் போங்கள். பல் எண்ணிக்கையையும் சாய்வையும் ஒப்பிட்டு, மேசைமேல் கடிக்க வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தேய்ந்திருந்தால் கிளஸ்டரையும் புதிதாகவே போடுங்கள். அந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது வீண்.

இன்புட் வாங்கும்போது ஒரு பெரிய பொறி உண்டு. 1994, 1995 மஸ்டாங் வி8-இல் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) ஆழம் கூடியதால் இன்புட்டும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நீண்டது. நீளமானதைப் பழைய பெல் ஹவுசிங்கோடு வைத்தால் நுனி கிராங்க் ஷாஃப்டில் முட்டும். குட்டையானதைப் புதிய பெல் ஹவுசிங்கோடு வைத்தால் கிராங்க் முனையில் இன்புட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கை எட்டாது. டேப் வைத்து அளந்து வாங்குங்கள். இன்புட்டின் பின்பக்கக் குழிக்குள் மெயின் ஷாஃப்டின் மூக்கு உட்காரும். அங்கே வரும் உருளைகளின் வகை பெட்டிக்குப் பெட்டி மாறும். இன்புட்டையும் மெயின் ஷாஃப்டையும் பக்கத்தில் வைத்து, எந்தப் பேரிங் என்று முடிவு செய்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

2.95 ஏன்

பலர் இந்த இடத்தில் தயங்குவார்கள். முதல் கியரின் விகிதம் 3.35-லிருந்து 2.95-க்குக் குறைந்துவிட்டால் வண்டி கிளம்பும்போது சோர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

300 பவுண்ட்-அடி இன்ஜினோடு 3.35 முதல் கியரில் மெயின் ஷாஃப்டில் இறங்குவது 1005 பவுண்ட்-அடி. 2.95-இல் 885. பன்னிரண்டு சதவீதம் குறைவு. இன்புட் ஜோடியே குறைவாகப் பெருக்குவதால் கிளஸ்டருக்குப் போகும் டார்க் முதல் மூன்று கியர்களிலும் குறைகிறது. மூன்றாம் கியரைக் காப்பாற்றுவதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

இழந்த இழுவையைப் பின் ஆக்சிலில் மீட்டுக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்து பெரும்பாலும் வந்த 2.73 ஆக்சிலோடு 3.35 முதல் கியர் சேர்ந்தால் மொத்த விகிதம் 9.15. 2.95-ஐ 3.08 ஆக்சிலோடு சேர்த்தால் 9.09. ஏறக்குறைய அதேதான். 3.55 ஆக்சில் போட்டால் 10.47-க்குப் போய்விடும், முன்பைவிட வேகமாகவே கிளம்பும். நெடுஞ்சாலைக்கு ஐந்தாம் கியர் 0.63 இருப்பதால் 3.55-ஓடும் மொத்தம் 2.24-தான். இன்ஜின் அலறாது.

ஓட்டுவதற்கும் 2.95 இனிமையானது. 3.35 செட்டில் முதலிலிருந்து இரண்டுக்கு (1.93) மாற்றினால் இன்ஜின் வேகம் 42 சதவீதம் விழும், 5500-இல் மாற்றினால் 3170-க்கு வந்துவிடும். 2.95 செட்டில் இரண்டாவது 1.94, வீழ்ச்சி 34 சதவீதம். அதே 5500-லிருந்து 3600-க்குத்தான் இறங்கும். வீழ்ச்சி குறைந்தால் சிங்க்ரோ வளையத்தின் வேலையும் குறையும். இரண்டாம் கியர் விழும்போது வரும் அந்தக் கரகரப்பு பல வண்டிகளில் இதனாலேயே நின்றிருக்கிறது.

பிரிப்பது

சுத்தமான மேசை, ஹைட்ராலிக் பிரஸ், நல்ல பேரிங் புல்லர், சர்க்ளிப் பிளையர், ரோல் பின் பஞ்ச், காந்தத் தாங்கியோடு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி). இவற்றில் டயல் கேஜ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். மற்றதை இரவல் வாங்கலாம்.

ஆயிலை வெள்ளைத் தட்டில் வடியுங்கள். அதில் என்ன மிதக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கியர் லீவரைக் கழற்றிவிட்டு, ஷிஃப்ட் ராடின் பின்முனையில் இருக்கும் ரோல் பின்னைத் தட்டி எடுங்கள். டெயில் ஹவுசிங்கின் போல்டுகளைக் கழற்றிப் பின்னால் இழுங்கள். டாப் கவரில் இரண்டு போல்டுகள் மட்டும் தோள் வைத்தவை. அவைதான் கவரைச் சரியான இடத்தில் நிறுத்துபவை. எந்தத் துளையிலிருந்து வந்தன என்று குறித்து வையுங்கள். இடம் மாறினால் கியரைத் தள்ளும் ஃபோர்க் ஒரு பக்கமாக இழுக்கும்.

பின்னால் இப்போது ஐந்தாம் கியர் தெரியும். இந்தப் பெட்டியில் ஐந்தாவதின் சிங்க்ரோ கவுண்டர் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கிறது. சர்க்ளிப்பை எடுத்து, ஃபோர்க்கின் ரோல் பின்னைத் தட்டி, சிங்க்ரோவையும் ஃபோர்க்கையும் ஒன்றாக உருவுங்கள். மெயின் ஷாஃப்டின் மேல் இருக்கும் ஐந்தாவது இறுக்கமாக ஏற்றப்பட்டது, புல்லர் வேண்டும்.

முன்பக்கம் பேரிங் ரிடெய்னர், அதாவது பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் மூடி. அதற்கும் கேஸுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டு நான்கு போல்டுகளையும் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஷிம்மைத் தொலைக்காதீர்கள். அதன் தடிமன் பிறகு ஒப்பிடப் பயன்படும். இன்புட் ஷாஃப்ட் சும்மா வெளியே வராது. அதன் பற்களில் ஓரிடத்தில் தட்டையாக வெட்டியிருக்கும். அந்த இடம் கவுண்டர் ஷாஃப்டைப் பார்க்கும்படி சுற்றிவிட்டு இழுத்தால் வரும். உள்ளிருந்து உருளைகள் கொட்டும், அடியில் துணி விரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெயின் ஷாஃப்டின் பின் பேரிங் கிண்ணத்தை எடுத்து, ஷாஃப்டின் முன்முனையைத் தூக்கிச் சாய்த்து மேல்வழியாக வெளியே எடுங்கள். ரிவர்ஸ் ஐட்லரை (ரிவர்ஸுக்கான இடைக் கியர்) கழற்றிய பிறகு கிளஸ்டர் வரும்.

மெயின் ஷாஃப்டைப் பிரிக்கும்போது முதல்-இரண்டாம் சிங்க்ரோ ஹப்பைக் கழற்ற முயலாதீர்கள். அது ஷாஃப்டோடு சேர்ந்த பாகம். பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஷாஃப்டைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதன்மேல் வழுக்கும் ஸ்லீவை உருவும் முன் ஹப்புக்கும் ஸ்லீவுக்கும் சேர்த்து ஒரு குறி போடுங்கள். அதே இடத்தில் திரும்பச் சேர வேண்டும்.

பார்ப்பது

கேஸை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் வைத்து இரண்டு பேரிங் துளைகளுக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் அந்தக் கேஸ் வேண்டாம். வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சூட்டில் துளைகளின் நேர்க்கோடு போய்விடும். பேரிங் கிண்ணம் கையால் தள்ளினாலே துளைக்குள் சுழலுகிறதா என்றும் பாருங்கள். சுழன்றால் அந்தக் கேஸும் வேண்டாம்.

பல்லின் முகத்தை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் குழி இருக்கிறது. சிங்க்ரோ கடிக்கும் சின்னப் பற்களின் நுனி கூராக இருக்க வேண்டும்; உருண்டிருந்தால் கியர் தானாக வெளியே குதிக்கும். செலக்டர் ஃபோர்க்கின் நுனிகளில் உள்ள பிளாஸ்டிக் செருகல்களைக் கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுங்கள், விலை சொற்பம். பேரிங்குகள், சீல்கள், சிங்க்ரோ வளையங்கள் எல்லாம் புதியவை. முன் ரிடெய்னரின் குழலில்தான் கிளட்ச் ரிலீஸ் பேரிங் வழுக்கும். பழைய அலுமினியக் குழல் பள்ளம் விழுந்திருக்கும். இசட் ரகத்தில் வரும் எஃகு ரிடெய்னரை வாங்கிப் போடுங்கள். முழு வேலையிலும் கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தரும் பாகம் வேறில்லை.

சேர்ப்பது

பூச்சு வைத்த சிங்க்ரோ வளையங்களை முந்தைய இரவே ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலில் ஊறப்போடுங்கள். உலர்ந்த வளையம் முதல் சில மாற்றங்களிலேயே தீய்ந்துவிடும். ஊசி பேரிங்குகளுக்கும் அதே ஆயில். உருளைகளைக் குழிக்குள் ஒட்டி நிறுத்த மட்டும் வாசலின் போதும். கெட்டியான கிரீஸ் ஆயில் போகும் வழியை அடைக்கும்.

வரிசை பிரித்ததற்கு நேர் எதிர்: கிளஸ்டர், ரிவர்ஸ் ஐட்லர், மெயின் ஷாஃப்ட், இன்புட். ஒவ்வொரு பாகம் உட்கார்ந்ததும் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். பேரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும்.

ஷிம்: அவசரப்படக் கூடாத இடம்

கூம்பு உருளை பேரிங்கில் முன்பின் ஆட்டமும் பக்கவாட்டு ஆட்டமும் தனித்தனி இல்லை. கூம்பு கிண்ணத்தை விட்டுக் கொஞ்சம் பின்வாங்கினாலே ஷாஃப்ட் பக்கவாட்டிலும் அசையும். சாய்வான பற்கள் டார்க் ஏறும்போது ஷாஃப்டைத் தள்ளுவதை முன்பே பார்த்தோம். ஆட்டம் அதிகமாக இருந்தால் அந்தத் தள்ளலில் கூம்பு நகரும், ஷாஃப்டுகள் விலகும், சுமை பல்லின் நுனிக்குப் போகும். 330 பவுண்ட்-அடி தாங்கும் கியர்கள் உள்ளே இருந்தாலும் ஆட்டம் தளர்ந்த பெட்டி அந்த எண்ணைத் தொடாது. இன்னொன்று: அலுமினியக் கேஸ் சூட்டில் எஃகு ஷாஃப்டைவிட அதிகம் விரியும். குளிர்ந்த நிலையில் இருக்கும் ஆட்டம் ஓட்டத்தில் கூடவே செய்யும், குறையாது.

முதலில் கவுண்டர் ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட் வருவதற்கு முன்பே. டயல் கேஜின் முனையை ஷாஃப்டின் முனையில் வைத்து, நான்கைந்து முறை சுற்றி உருளைகளை உட்கார வைத்துவிட்டு, முன்னும் பின்னும் தள்ளி அளவெடுங்கள். அனுமதி 0.001 முதல் 0.005 அங்குலம் வரை, அதாவது 0.025 முதல் 0.13 மில்லிமீட்டர். நான் 0.001-க்கும் 0.002-க்கும் நடுவே நிறுத்துவேன். அளவு கூடினால் ஷிம் தடிமனைக் கூட்டுங்கள்.

அடுத்தது இன்புட்டும் மெயின் ஷாஃப்டும் சேர்ந்த வரிசை. இதை அளக்க டெயில் ஹவுசிங் முழுதாக முறுக்கப்பட்டிருக்க வேண்டும். பின் பேரிங் கிண்ணத்தை அதுதான் தாங்குகிறது. முன் ரிடெய்னரை ஷிம் இல்லாமல், பேஸ்ட் இல்லாமல் மாட்டுங்கள். இன்புட் மேலே பார்க்கும்படி பெட்டியை நிறுத்தி, நியூட்ரலில் பத்து முறை சுற்றுங்கள். டயல் கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, இன்புட்டை மேலே தூக்கினால் முள் எவ்வளவு நகர்கிறதோ அந்தத் தடிமனில் ஷிம். மூன்று முறை அளந்து மூன்றும் ஒன்றாக வந்தால்தான் அது அளவு. ஷிம் போட்ட பிறகு இழுத்தால் முள் அசையக் கூடாது, ஆனால் ஷாஃப்ட் இரண்டு விரலால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். கை கனத்தால் ஷிம் அதிகம், மெல்லியதாக்குங்கள். புதுப் பேரிங் போட்டுவிட்டுப் பழைய ஷிம்மையே திருப்பிப் போடுவது வழக்கமான தவறு; இந்த அளவு பெட்டிக்குப் பெட்டி, பேரிங்குக்குப் பேரிங் மாறும்.

ஒவ்வொரு முறையும் ரிடெய்னரைக் கழற்றி மாட்டிச் சலிப்புத் தட்டும். எனக்கு ஒரு பெட்டிக்கு அரை நாள் இதிலேயே போகும். அந்த அரை நாளைக் கொடுங்கள்.

அளவு சரியான பிறகு சிலிக்கான் பேஸ்டை மெல்லிய கோடாகத் தடவி மூடுங்கள். ரிடெய்னர் போல்டுகளுக்கு 15 பவுண்ட்-அடி அளவு, டாப் கவருக்கு 10-ஐத் தாண்ட வேண்டாம். அலுமினிய மரை சட்டென்று உரிந்துவிடும். கவரை இறக்கும்போது கியர்களும் ஃபோர்க்குகளும் நியூட்ரலில் இருக்கட்டும். மூடியதும் ஐந்து கியரையும் ரிவர்ஸையும் கையால் போட்டு, ஒவ்வொன்றிலும் இன்புட்டைச் சுற்றிப் பாருங்கள்.

வண்டியில் ஏற்றுவது

இவ்வளவு செய்து கட்டிய பெட்டியைக் கோணலான பெல் ஹவுசிங் ஒரே மாதத்தில் கெடுத்துவிடும். டயல் கேஜைக் கிளட்ச் பக்கம் மாட்டி, கிராங்க்கைச் சுற்றி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையை அளந்து பாருங்கள். முழுச் சுற்றில் முள்ளின் ஓட்டம் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் மையம் விலகிய டவல் பின்கள் (பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் ஊசிகள்) 0.007, 0.014, 0.021 அங்குல அளவுகளில் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டுத் திருத்துங்கள். பைலட் பேரிங்கும் புதியது.

கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங் உள்ளதையே போடுங்கள். ஸ்பிரிங் இல்லாத பிளேட் ஒவ்வொரு அடியையும் நேராகப் பல்லுக்கு அனுப்பும். டி5-ஐக் கொல்வது பெரும்பாலும் தொடர்ந்த டார்க் இல்லை, ஒரு கணத்தில் விழும் அடிதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கியர் மாற்றும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஒட்டும் ரேஸ் டயரும் 350-ஐத் தாண்டிய டார்க்கும் உங்கள் திட்டத்தில் இருந்தால், இந்த வழிகாட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பெரிய பெட்டிக்குப் போங்கள். 77 மில்லிமீட்டருக்குள் அதற்கு மேல் கம்பெனி பாகங்களால் பிடித்து நிற்க முடியாது.

ஸ்பீடோமீட்டர் கேபிள் உள்ள வண்டி என்றால் ஆக்சில் விகிதம் மாற்றியதற்கு ஏற்ப அதன் சின்ன கியரையும் மாற்ற வேண்டும். மெயின் ஷாஃப்டில் இருக்கும் ஓட்டும் கியருக்கு ஏழு பல்லா எட்டுப் பல்லா என்று பெட்டி திறந்திருக்கும்போதே எண்ணி எழுதி வையுங்கள்.

ஆயிலும் முதல் ஓட்டமும்

வேர்ல்ட் கிளாஸுக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில், 2.8 குவார்ட், அதாவது சுமார் 2.65 லிட்டர். கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் வலு கூடும் என்று நினைத்து ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூச்சு வைத்த சிங்க்ரோ வளையத்துக்கு அது ஆகாது. குறுகலான வழிகள் மூலம் ஊசி பேரிங்குகளுக்கும் நேரத்தில் போய்ச் சேராது.

முதல் 800 கிலோமீட்டர் நிதானமாக, எல்லா கியரிலும் மாறி மாறி ஓட்டுங்கள். புதுக் கியர்களின் முகங்கள் ஒன்றையொன்று பழகிக்கொள்ளும் காலம் அது. அப்புறம் ஆயிலை அதே வெள்ளைத் தட்டில் வடித்து, ஒரு காந்தத்தை அதில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டினால் பரவாயில்லை, புது ஆயில் ஊற்றி ஓட்டலாம். நகத்தில் எடுக்கும் அளவுக்குப் பளபளக்கும் செதில் ஒன்று வந்தாலும், அன்றே பெட்டியை இறக்கி டாப் கவரைத் திறந்துவிடுங்கள்.